சோல் ஈட்டர்: முழுவதும் பார்த்துவிட்டேன், இனி மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) எங்கிருந்து தொடங்குவது?

அனைவருக்கும் வணக்கம். அக்கா மகளின் தொந்தரவு தாங்காமல் பார்க்க உட்கார்ந்தவன், 51 பகுதிகளையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். போன்ஸ் நிறுவனம் 2008-09இல் எடுத்த அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) அது. பேய்களையும் சூனியக்காரிகளையும் வேட்டையாட மாணவர்களைப் பழக்கும் பள்ளி. அதன் தலைவர் சாட்சாத் எமதர்மனே! மாணவர்களில் பாதிப் பேர் ஆயுதமாக உருமாறுவார்கள், மீதிப் பேர் அவர்களைக் கையில் ஏந்திச் சண்டையிடுவார்கள். மாகா என்ற மாணவியும் அவளுடைய ஆயுதமான சோலும் 99 ஆன்மாக்களைச் சேர்த்துவிட்டு, நூறாவதாகச் சூனியக்காரி என்று நினைத்து ஒரு பூனையின் ஆன்மாவை எடுத்து, மொத்தத்தையும் இழந்து நிற்பார்களே, அங்கேயே நான் விழுந்துவிட்டேன். எமனின் மகனோ, எல்லாம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும் என்று அலைகிறான். அவன் தலையிலேயே ஒரு பக்கம் மட்டும் மூன்று வெள்ளைக் கோடுகள். பாவம்.

இப்போது சிக்கல். இதற்கு மூலமான அட்சுஷி ஓகுபோவின் மங்கா 2013 வரை வெளிவந்து 25 தொகுதிகளில் முடிந்தது. அனிமே அதற்கு முன்பே தனக்கென ஒரு முடிவை வைத்துக்கொண்டது. அந்த முடிவு எனக்கு அவசரமாகப் பட்டது.

கதை எந்தத் தொகுதியில் பிரிகிறது? அங்கிருந்து படித்தால் போதுமா, முதலிலிருந்தே வர வேண்டுமா? 2014இல் வந்த கிளைத்தொடரான 'சோல் ஈட்டர் நாட்' 12 பகுதிகளை இடையில் பார்க்கலாமா? அக்கா மகளுக்குப் பதினொரு வயது. மங்காவை அவளிடம் கொடுக்கலாமா என்பதையும் படித்தவர்கள் சொல்லுங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.