மறு: வண்டிக்குள் படம் காட்டும் கருவிக்கு ஒரு சொல்

வணக்கம். வண்டிக்குள் படம் காட்டும் கருவி வாங்குகிறவர்களுக்காக நாம் எழுதும் வழிகாட்டியில் எந்தத் தமிழ்ச் சொற்களைப் போடலாம் என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> "மகிழுந்துள் காணொளி மகிழ்வூட்டு அமைப்பு" என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, ஒரே தொடரில் இரண்டு தடவை மகிழ வேண்டியிருக்கிறது. கோலாலம்பூர்ச் செந்தூலில் கடை வைத்திருப்பவர் இதைப் பெயர்ப்பலகையில் எழுத நினைத்தால் பக்கத்துக் கடைச் சுவரையும் வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். நீளத்தைக்கூட மன்னித்துவிடலாம். மூன்று தனித்தனிப் பொருள்களை ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் வழிகாட்டியைப் படிக்கப் போகிறவர் கையில் காசோடு கடைக்குப் போகிறவர். எதை வாங்குகிறோம் என்பது பெயரிலேயே அவருக்குத் தெரிய வேண்டும்.

இங்கே மலேசியாவில் கடைகளில் "ஆண்ட்ராய்டு பிளேயர்" என்று கேட்டால், ரேடியோ இருந்த இடத்தில் பொருத்தும் 9 அல்லது 10 அங்குலக் கருவியை எடுத்து வைப்பார்கள். "ஹெட்ரெஸ்ட் மானிட்டர்" என்றால் முன்னிருக்கையின் தலைசாய்வில் மாட்டுவது. வெல்ஃபயர், அல்பார்ட் போன்ற பெரிய குடும்ப வேன்கள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது கூரையிலிருந்து மடக்கி இறக்கும் திரையை. விலை வேறு, கம்பி இழுக்கும் வேலை வேறு, பார்க்கப் போகிற ஆளும் வேறு. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும்வரை பிள்ளைகள் பின்னால் படம் பார்க்கட்டும் என்று நினைத்துவிட்டு முதல் வகையை வாங்கினால், பிள்ளைகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார்கள், அப்பாவும் சேர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான் பலன்.

> ஹெட் யூனிட் = தலையலகு

ரேடியோ இடத்தில் பொருத்தும் அந்த முதல் வகையைத்தான் ஹெட் யூனிட் என்கிறார்கள். அதற்கு இந்தச் சொல் வேண்டாம் என்பேன். தலைசாய்வில் மாட்டும் திரையும் பட்டியலில் இருக்கும்போது "தலையலகு" என்றால் வாசகர் அதைத்தான் நினைப்பார்.

> முகப்புத் திரை நன்றாக இருக்கிறதே?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் முதலில் வரும் திரைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் கருவியிலும் அப்படி ஒரு முதல் திரை உண்டு. "முகப்புத் திரையின் முகப்புத் திரையைத் தொடவும்" என்று எழுத நேர்ந்தால் என்ன செய்வது?

இந்த முதல் வகைக்கு என் பரிந்துரை: திரைப்பெட்டி. வானொலிப்பெட்டி, தொலைக்காட்சிப்பெட்டி என்று பழகிய வாய்க்கு இது புதிதாகவே இருக்காது. தவிர, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் பெட்டியின் அளவைத்தான். டேஷ்போர்டில் உள்ள பொந்து ஒற்றை டின்னா, இரட்டை டின்னா? டின் என்பது ஜெர்மன் தரநிலை அமைப்பின் சுருக்கப் பெயர், பால் டின்னோடு தொடர்பில்லை. ஒற்றை டின் 180-க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180-க்கு 100. இந்த "டின்"னை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம். கடைக்காரர் வாயில் வருவதும் அதுதான், அளவு தப்பினால் திருப்பிக் கொண்டுபோக வேண்டியவரும் வாங்கியவர்தான்.

பெரிய திரை உள்ளவற்றில் பெட்டியைச் சுற்றி ஒரு "கேசிங்" வரும். அதற்கு விளிம்புச் சட்டம் என்று போடலாம். வெறும் "சட்டம்" என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஞாபகம் வரும். இது வண்டிக்கு வண்டி மாறும். புரோட்டோன் சாகாவுக்குச் செய்தது பெரோடுவா மைவிக்கு உட்காராது. மைவியிலேயே 2011-இல் வந்த வடிவத்துக்கும் 2017 இறுதியில் வந்ததற்கும் வேறு வேறு சட்டம். வண்டியின் ஆண்டைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போடுங்கள். அசல் கம்பியை வெட்டாமல் செருகும் சாக்கெட் இருக்கிறதா, ஸ்டீயரிங் பொத்தான்கள் தொடர்ந்து வேலை செய்யுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ரேம் 2 ஜிபி மட்டும் இருந்தால் வரைபடமும் பாட்டும் ஒன்றாக ஓடும்போது திணறும். நம் ஊர் வெயிலில் திரை வெளிறிப் போகிறதா என்று கடைக்குள் நின்று பார்த்துப் பயனில்லை. வாசலில் நிற்கும் வண்டியில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியை வண்டித் திரையோடு இணைக்கும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் வணிகப் பெயர்கள். அப்படியே எழுதுவோம். 2014-இல் ஒன்றும் அடுத்த ஆண்டு மற்றொன்றுமாக வந்தவை. இவை வரைபடம், பாட்டு, தொலைபேசி அழைப்பு இவற்றுக்காகவே வந்தவை. ஓடும் வண்டியில் படம் ஓட்ட அல்ல. "கார்பிளே இருக்கிறது, ஓடும்போதே படம் பார்க்கலாம்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து ஹேண்ட்பிரேக்கோடு இணையும் அந்தக் கம்பி. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் முன்னால் படம் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். சிலர் அதைப் பாடிக் கம்பியோடு முறுக்கி எர்த் செய்துவிட்டு "ஓடும்போதும் பார்க்கலாம் அண்ணே" என்று சலுகைபோலச் சொல்கிறார்கள். வரைவில் இதற்கு "காட்சி விடுவிப்பு" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். விடுதலை வாங்கித் தந்த மாதிரி இருக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கு ஓட்டுநர் காட்சித் தடை என்று பெயர் வைப்போம். கம்பியை முறுக்குவதைத் தடைநீக்கம் என்றுகூட எழுத வேண்டாம், தடையைக் கெடுத்தல் என்றே எழுதுவோம்.

> பின்னால் உள்ளதற்குப் பின்திரை போதுமே

சுருக்கம்தான். ஆனால் வெயிலுக்குப் பின் கண்ணாடியில் மாட்டும் திரைச்சீலை பாதி வண்டிகளில் இருக்கிறது. பின்னிருக்கைத் திரை என்றால் குழப்பம் இல்லை. மேலே இருப்பது கூரைத்திரை. மூன்றையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் வண்டிப் பல்லூடகம். "மகிழுந்து" எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் வேனுக்கும் லாரிக்கும் இதே கருவி வாங்குகிறார்களே.

தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவி டியூனருக்குத்தான் இன்னும் சொல் மாட்டவில்லை. "அலைவாங்கி" ஏற்கெனவே ஆன்டெனாவுக்குப் போய்விட்டது. ஒளிபரப்பேற்பி என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. பழைய கருவியைச் செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபின் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை இல்லாத டியூனரால் இங்கே எதையும் பிடிக்க முடியாது. பட்டர்வொர்த்தில் கடையில் வேலை செய்யும் நண்பர் இந்தக் குழுவில் இருக்கிறாரே, அங்கே தமிழ் வாடிக்கையாளர்கள் அதை என்னவென்று கேட்கிறார்கள் என்று எழுதினால் நல்லது. "திரைப்பெட்டி"யையும் அவரே ஓரிருவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து