லைனை நிறுத்தும் உரிமையை ஆபரேட்டர்களிடம் கொடுத்தும் பலன் இல்லையே, ஏன்?

கேள்வி:
வணக்கம். வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். பிழையைக் கண்டவுடன் பொத்தானை அழுத்தி உற்பத்தி லைனை நிறுத்தும் உரிமையை மூன்று வாரங்களுக்கு முன் ஆபரேட்டர்களிடமே ஒப்படைத்தோம். முதல் வாரம் லைன் அடிக்கடி நின்றது. இப்போது யாரும் பொத்தானைத் தொடுவதே இல்லை. ஆனால் பிழையான பாகங்கள் முன்போலவே இறுதிச் சோதனையில் வந்து குவிகின்றன. அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டால் வேலையில் ஈடுபாடு கூடும் என்று நம்பித்தான் தொடங்கினேன். எங்கே தவறினோம்?

பதில் 1:
கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலையில் வேலைக்கு வராதோர் அளவு சுமார் 20 விழுக்காடாக இருந்தது; 1982இல் அதை மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக 'நும்மி' என்ற பெயரில் அது மீண்டும் இயங்கியபோது, எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் அதுவே. இருந்தும் வராதோர் அளவு சுமார் 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. அங்கே பொத்தானுக்குப் பதில் இருந்த கயிற்றை இழுத்தால் லைன் உடனே நின்றுவிடாது. விளக்கு எரியும், குழுத் தலைவர் விரைந்து வருவார். வண்டி அந்தத் தொழிலாளியின் பணியிட எல்லையைத் தாண்டுவதற்குள் சிக்கல் தீர்ந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். உரிமையோடு, கூப்பிட்டால் வந்து கைகொடுக்கும் ஆளையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். உங்கள் ஆலையில் பொத்தானை அழுத்தினால் யார் வருகிறார்?

பதில் 2:
வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதையும் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், மரை சரியாக ஏறாத ஒரு போல்ட்டைக் கண்டு அருகிலிருந்தவர் லைனை நிறுத்தினார். வந்த மேற்பார்வையாளர் போல்ட்டைப் பார்க்கவில்லை; கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஏன் நிறுத்தினீர்கள்?" என்றார். அது வரிசை முழுவதும் கேட்டது. அதன்பின் வெகுநாள் யாரும் நிறுத்தவில்லை.

அதிகாரமளித்தலை ஆராய்ந்த கிரெட்சன் ஸ்பிரைட்சர் 1995இல் அதை நான்கு உணர்வுகளாகப் பிரித்தார்: வேலைக்கு அர்த்தம் இருக்கிறது, என்னால் செய்ய முடியும், எப்படிச் செய்வதென நானே முடிவெடுக்கலாம், என் செயலால் ஏதோ மாறுகிறது. உங்கள் பொத்தான் மூன்றாவதை மட்டுமே தருகிறது. நிறுத்தியதால் என்ன சரியானது என்று அழுத்தியவருக்கு யாராவது திரும்பச் சொன்னீர்களா? ஊக்கத்தொகையும் செய்து முடித்த பாகங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே என்றால், ஒவ்வொரு நிறுத்தமும் அவர் கூலியில்தான் கைவைக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பொத்தானை அழுத்தினால் வருபவன் நான்தான், நானும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் ஷிஃப்டிலிருந்து, நிறுத்திய நிமிடங்களை இலக்கிலிருந்து கழித்தே பலகையில் எழுதப் போகிறோம். ஊக்கத்தொகைக் கணக்கை மாற்ற நிர்வாகத்திடம் பேச வேண்டும். அதற்கு ஃப்ரீமாண்ட் கதையையே எடுத்துச் செல்கிறேன்.