தனித்தியங்கு, சார்ந்தியங்கு: 5ஜி வலைகளுக்கு இரு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

5ஜி வலை 4ஜியின் துணையில்லாமல் இயங்கினால் ‘ஸ்டாண்ட் அலோன்’, 4ஜியைச் சார்ந்து இயங்கினால் ‘நான்-ஸ்டாண்ட் அலோன்’ என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ‘தனித்து நிற்கும் வலை’, ‘தனித்து நிற்காத வலை’ என்று வந்த பரிந்துரையைப் படித்தேன். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வலை எது இல்லை என்று அது சொல்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவில்லை.

மதுரையில் பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பலர் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் படித்தவர்கள். ஊருக்கு 5ஜி வந்த புதிதில் ஒரு மாணவர் டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய போனைக் கொண்டுவந்தார். ஒரு சிம்மில் 5ஜி காட்டியது, இன்னொன்றில் காட்டவில்லை. தனித்து இயங்கும் முறைக்கான மென்பொருள் அந்தப் போனுக்கு இன்னும் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை விளக்கத் தமிழில் சொல் இல்லாமல் அரைமணி நேரம் தடுமாறினேன்.

2022 அக்டோபரில் தொடங்கியபோதே ஏர்டெல்லும் ஜியோவும் வேறு வேறு பாதையில் போயின. ஏர்டெல் எடுத்த முறையில் போன் முதலில் 4ஜி நிலையத்தில் பதிந்துகொள்ளும். கட்டளைகள் அந்த வழியாகப் போகும், வேகமான தரவுக்கு 5ஜி அலை கூடச் சேரும். பின்னால் இருந்து இணைப்புகளை நிர்வகிக்கும் கருவலையும் (‘கோர்’) 4ஜியுடையதே. இருப்பதை வைத்துக் கட்டுவதால் செலவு குறைவு, சீக்கிரமும் விரிக்கலாம். ஜியோ 5ஜிக்கென்றே புதுக் கருவலை போட்டது. 4ஜியின் கையைப் பிடிக்காமல் நடக்க வேண்டுமென்றால் தூரம் எட்டும் அலை வேண்டும். நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் ஜியோ வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அப்படிப்பட்டது. சுவருக்குள்ளும் நுழையும். அழகர்கோவில் பக்கத்துத் தோப்பு வீடுகளுக்கு அதுதான் தோது.

இன்னொன்றும் உண்டு. தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு முதலில் முடித்தது சார்ந்த முறையைத்தான், 2017 டிசம்பரில். தனித்த முறை 2018 ஜூனில் வந்தது. மூத்த பிள்ளைக்கு, பின்னால் பிறக்கப்போகும் தம்பியை வைத்து ‘அவன் அல்லாதவன்’ என்றா பேர் வைப்போம்?

சரி, மற்ற பரிந்துரைகள். ‘தற்சார்பு’ நல்ல சொல், ஆனால் அது விவசாயத்திலும் பொருளாதாரத்திலும் வேரூன்றிவிட்டது. ‘தனிநிலை’ எனக்கும் பிடித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது: இலக்கணத்தில் தனிநிலை என்பது ஆய்தம், அந்த ஆய்தமே சார்பெழுத்து! எதிர்ச்சொல்லாக வைக்க நினைப்பதன் வகைக்குள்ளேயே அது போய் உட்கார்ந்துவிடும். ‘சார்நிலை’ என்றால் அரசு அலுவலகத்தில் கீழ்நிலை என்று பொருள் வந்துவிடுகிறது.

ஆனால் ‘சார்பு’ என்ற வேரை விட எனக்கு மனமில்லை. சார்பெழுத்தான குற்றியலுகரம் வல்லின மெய்யின்மேல் ஏறித்தான் வரும் என்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு, 4ஜியின்மேல் ஏறிவரும் 5ஜி உடனே பிடிபடும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே என் பரிந்துரை: தனித்தியங்கு வலை, சார்ந்தியங்கு வலை. இரண்டும் வினைத்தொகை. ‘தானியங்கி’ புழங்கும் வாயில் இவையும் புழங்கும்.

‘கோர்’ என்பதற்குக் கருவலை என்று மேலே எழுதிவிட்டேன். ‘மைய வலை’ என்றால் ஊர் நடுவில் நிற்கும் கோபுரம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்த பருவத்துப் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திக்கொள்கிறேன்.