82 கிலோவுக்கு 1800 முன் இறக்கை பெரிதா? முதலில் வாலை மாற்றுவதா, இறக்கையை மாற்றுவதா?

கரையோரம்:
வணக்கம். சென்னையில் இருக்கிறேன், எடை 82 கிலோ. போன வாடைக் காலத்தில் ராமேஸ்வரத்தில் விங் ஃபாயில் (கையில் ஒரு விங்கால் காற்றைப் பிடித்து, அடியில் இறக்கை பூட்டிய போர்டில் தண்ணீருக்கு மேல் எழும்பி ஓட்டுவது) பழக ஆரம்பித்தேன், இப்போது இரண்டு பக்கமும் காற்றை எதிர்த்து ஏறி வர முடிகிறது. ஜைப்தான் (காற்று போகும் பக்கமாகத் திரும்புவது) பத்துக்கு எட்டு தடவை விழுந்துவிடுகிறேன். குழப்பம் வராமல் இருக்க, கையில் பிடிப்பதை விங் என்றும் தண்ணீருக்குள் இருப்பதை முன் இறக்கை, வால் என்றும் எழுதுகிறேன்.

என்னுடையது ஒருவரிடம் வாங்கிய பழைய செட். முன் இறக்கை 1800 சதுர செ.மீ., முனைக்கு முனை 95 செ.மீ., வால் 255 சதுர செ.மீ., போர்டையும் இறக்கையையும் இணைக்கும் அலுமினியத் தண்டு, அதாவது மாஸ்ட், 75 செ.மீ., போர்டு 110 லிட்டர், விங் 5 சதுர மீட்டர். காற்று 13 நாட்ஸ் (மணிக்கு சுமார் 24 கி.மீ.) இருந்தாலே கிளம்பிவிடுகிறது, அதில் குறை இல்லை. 18க்கு மேல் போனால்தான் தொல்லை. ஒரு வீச்சு வந்ததும் போர்டு மூக்கைத் தூக்குகிறது, முன்காலை அழுத்தி அழுத்தித் தொடை எரிகிறது, கொஞ்சம் அசந்தால் ஃபாயில் தண்ணீரை விட்டு வெளியே வந்து ஆளைத் தூக்கிப் போடுகிறது. கூட வரும் நண்பர் 60 கிலோ, 1250 ஓட்டுகிறார், எனக்கும் அதையே வாங்கச் சொல்கிறார். அத்துடன் கோவளத்தில் காற்றில்லாத காலையில் அலையிலும் ஃபாயில் ஓட்டிப் பார்க்க ஆசை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியோடு சேர்த்து நல்ல தொகை ஆகிறது, அதனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பாம்பன் காற்று:
தம்பி, நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் 60 கிலோக்காரரின் எண்ணை 82 கிலோக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கும் விசை பரப்போடு நேராகவும் வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. அவர் 1250இல் எந்த வேகத்தில் எழும்புகிறாரோ அதே வேகத்தில் நீங்கள் எழும்ப 1250ஐ 60ஆல் வகுத்து 82ஆல் பெருக்குங்கள், 1700 வரும். அதாவது அவருக்கு 1250 எப்படியோ உங்களுக்கு 1700 அப்படி. உங்களிடம் இருப்பது 1800. வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

இப்போதே 1250க்குப் போனால் கிளம்புவதற்கு 20 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும் (1800ஐ 1250ஆல் வகுத்தால் 1.44, அதன் வர்க்கமூலம் 1.2). கேட்க 20 சதவீதம் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஜைப் நடுவில், விங்கில் காற்று இல்லாத அந்த இரண்டு மூன்று நொடியில்தான் வேகம் விழுகிறது, இப்போது தப்பிக்கிற இடத்திலெல்லாம் அப்போது தண்ணீரில் உட்கார்ந்துவிடுவீர்கள். உங்கள் எடைக்கு அடுத்த படி 1400 முதல் 1500 வரை. அதையும் அவசரப்பட்டு இந்த மாதமே வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, இறக்கையின் பெயரில் இருக்கும் எண்ணை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கில் அது பரப்பு, ஆக்ஸிஸில் அது முனைக்கு முனை நீளம், மில்லிமீட்டரில். ஆக்ஸிஸில் 900 என்று பார்த்துவிட்டு 'ஐயோ, இவ்வளவு சின்னதா' என்று ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று:
பாம்பன் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் நீங்கள் சொல்லும் தொடை எரிச்சலுக்குப் பரப்பு மட்டும் காரணம் இல்லை, வாலும் அதன் கோணமும் பாதிக் காரணம். பெரும்பாலான செட்டில் வால் கீழ்நோக்கி அழுத்துவதால்தான் மூக்கு மேலே நிற்கிறது. வேகம் கூடக் கூட அந்த அழுத்தமும் வேகத்தின் இருமடியோடு கூடும். 13 நாட்ஸில் உங்களைச் சுகமாகத் தூக்கிவிட்ட அதே 255 வால்தான் 20 நாட்ஸில் உங்கள் முன்காலோடு சண்டை போடுகிறது.

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். மாஸ்ட்டைப் போர்டின் அடியில் இருக்கும் தடத்தில் ஒரு செ.மீ. பின்னால் தள்ளி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், போதவில்லை என்றால் இன்னொரு செ.மீ. தள்ளுங்கள். பின்னால் தள்ளினால் முன்காலில் பாரம் குறையும், கிளம்புவது மட்டும் கொஞ்சம் தாமதமாகும். அதற்குப் பிறகும் மூக்கு தூக்கினால் வாலுக்கு ஷிம் (கோணத்தை மாற்ற இடையில் செருகும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். கடையில் அரை டிகிரி, ஒரு டிகிரி என்று விற்கிறார்கள், நான் காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டித்தான் வைத்தேன். கார்டு 0.76 மி.மீ. தடிமன். வாலின் இரண்டு போல்ட்டுக்கும் இடையே 5 செ.மீ. என்றால் அது ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு, நன்றாகவே தெரியும்.

புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு வாலுக்கு. 190க்கும் 200க்கும் இடையில் ஒன்று போட்டால் இழுவை குறையும், திருப்பத்தில் போர்டு சட்டென்று கேட்கும். பதிலுக்கு மூக்கு மேலும் கீழும் ஆடுவது கூடும், முதல் நாள் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஃப்யூசலாஜ் (முன் இறக்கையையும் வாலையும் இணைக்கும் தண்டு) நீளமாக இருந்தால் சின்ன வாலும் அடங்கி நிற்கும், உங்களுடையது எத்தனை செ.மீ. என்று அளந்து சொல்லுங்கள்.

கோவளம் விடியல்:
அலைக்கு எது என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், விங் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அலையில் வேகம் அலையே கொடுத்துவிடும், நமக்கு வேண்டியது திரும்புகிற குணம். அங்கே பரப்பை விட முனைக்கு முனை நீளம்தான் முக்கியம். அதே 1500 பரப்பு, நீள அகல விகிதம் 6 என்றால் இறக்கை 95 செ.மீ. வரும், விகிதம் 9 என்றால் 116 செ.மீ. வரும். 116 நேராக வழுக்கிக்கொண்டு போக அருமையாக இருக்கும், பம்ப் செய்து (காலால் போர்டை அழுத்தி அழுத்தி வேகம் எடுத்து) அடுத்த அலைக்குப் போகவும் அதுதான் வசதி. ஆனால் செங்குத்தான சின்ன அலையில் சாய்த்தால் முனை வெளியே வந்து காற்றை உள்ளே இழுத்துவிடும், இழுத்த நொடியில் தூக்கும் விசை போய்விடும், எச்சரிக்கையே கிடையாது. முதல் வருடம் விகிதம் 5, 6க்கு மேல் போகாதீர்கள். உங்கள் 1800 விகிதம் 5தான், இடுப்பளவு அலைக்குப் பழக அதுவே போதும். நான் 74 கிலோ, ஆரம்பித்தது அதைவிடச் சின்னதில் இல்லை.

நுரைக்குள் போகாதீர்கள். நுரையில் பாதி காற்று, இறக்கைக்குப் பிடிப்பு கிடைக்காது. அலை உடையும் முன் நுரையில்லாமல் பச்சையாக இருக்கும் அதன் சரிவில் எழும்புங்கள். சர்ஃப் செய்பவர்கள் கூடும் இடத்தை விட்டு நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போங்கள். ஃபாயிலின் விளிம்பு கத்தி மாதிரி, கீழே விழுந்தவர் தலைக்கு மேல் அது வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. விடியற்காலையில் கடலுக்குப் போன படகுகள் திரும்பும் பாதை எது, வலை எங்கே கிடக்கிறது என்று குப்பத்து அண்ணன்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கரையோரம்:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் லீவு போட்டுவிட்டு வந்து மூன்று நாள் ஓட்டினேன். ஃப்யூசலாஜ் 67 செ.மீ. மாஸ்ட்டை இரண்டு செ.மீ. பின்னால் தள்ளியதிலேயே தொடை எரிச்சல் பாதி போய்விட்டது, இதை ஒரு வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

கார்டு ஷிம்மில்தான் குளறுபடி. என் வால் ஃப்யூசலாஜுக்கு அடியில் மாட்டுவது. முன் போல்ட் பக்கம் கார்டை வைத்து முறுக்கிவிட்டு இறங்கினேன், முன்னைவிட மோசம், குதிரை மாதிரி துள்ளியது. கரைக்கு வந்து வாலைத் தரையில் வைத்துப் பார்த்தபோதுதான் பின்விளிம்பு மேலே தூக்கியிருப்பது தெரிந்தது. கழற்றிப் பின் போல்ட் பக்கம் வைத்தேன். 20 நாட்ஸில் முதல் முறையாக முழங்காலை மடக்கி நிம்மதியாக நின்றேன். ஜைப் ஐந்துக்கு இரண்டு வருகிறது. ஆனால் ஒரு தடவை வேகமாகப் போகும்போது மூக்கு சட்டென்று கீழே குத்தியது, அது எதனால்?

உப்புக்காற்று:
ரொம்ப சந்தோஷம். பின்விளிம்பு மேலே போனால் மூக்கு தூக்கும், கீழே வந்தால் அடங்கும், வால் மேலே மாட்டுவதோ அடியில் மாட்டுவதோ இந்த ஒன்றைப் பார்த்தால் போதும். மூக்கு குத்துவது ஒரு கார்டு முழுவதும் அதிகம் என்பதற்கு அடையாளம். மாஸ்ட்டையும் பின்னால் தள்ளியிருக்கிறீர்கள், கோணத்தையும் குறைத்திருக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்து தாண்டிவிட்டது. கார்டை எடுத்துவிட்டு அதில் பாதி தடிமனுள்ள பிளாஸ்டிக் வைத்துப் பாருங்கள், மாஸ்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

67 செ.மீ. நல்ல நீளம், 195 வால் தாராளமாகப் போடலாம்.

பாம்பன் காற்று:
என்னிடம் 195 ஒன்று சும்மா கிடக்கிறது, உங்கள் ஃப்யூசலாஜுக்குப் பொருந்தினால் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஞாயிறு காலை பாம்பன் பக்கம் வந்துவிடுங்கள். இப்போது வாடை, பாக் விரிகுடாப் பக்கம் காற்று கரையைப் பார்த்து அடிக்கும், தண்ணீர் அலைபாயும். மன்னார் வளைகுடாப் பக்கம் தட்டையாக இருக்கும், ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும், அங்கே தனியாக இறங்கவே கூடாது, நான் கூட இருப்பேன். கச்சான் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் இது அப்படியே தலைகீழ். கடற்புல் மிதந்துவந்து இறக்கையில் சுற்றும், வேகம் காரணமில்லாமல் குறைந்தால் முதலில் இறங்கி அதை எடுத்துவிடுங்கள்.

வரும்முன் வீட்டில் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை கழற்றி கிரீஸ் போட்டு மாட்டிக்கொண்டு வாருங்கள். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட்டை உப்புத் தண்ணீரோடு இரண்டு மாதம் விட்டால் பிடித்துக்கொள்ளும், கரையில் நின்று கழற்ற முடியாது. டார்க்ஸ் 30 சாவி (நட்சத்திர முனைச் சாவி) உங்களுடையதையும் எடுத்து வாருங்கள், என்னுடையது முனை தேய்ந்துவிட்டது.