பினாங்கு வெயிலில் கம்பளி நூலா? பின்னல், நூற்பு, நெசவு மூன்றையும் ஒரே கடையில் கற்பது பற்றி

தகரப்பெட்டி (பாயான் லெப்பாஸ்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நூல் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் சீன அம்மையார் சனிக்கிழமைகளில் மூன்று மாத வகுப்பு எடுக்கிறார். முதல் மாதம் இரண்டு ஊசிகளால் பின்னுதல், இரண்டாம் மாதம் நூல் நூற்றல், மூன்றாம் மாதம் மேசைமீது வைக்கும் சிறிய தறியில் நெய்தல். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டபடியால் ஐம்பத்து மூன்று வயதில் துணிந்து சேர்ந்துவிட்டேன்.

முதல் நாளே அவர் எல்லாரையும் கம்பளி நூல் வாங்கச் சொன்னார். 50 கிராம் நூல்கண்டு ஒன்றின் விலை 38 ரிங்கிட். ஆண்டு முழுவதும் வியர்த்துக் கொட்டுகிற இந்த ஊரில் கம்பளியை யார் உடுத்துவார்கள் என்று எண்ணி, சந்தையில் மலிவாகக் கிடைத்த பருத்தி நூலை வாங்கி வீட்டில் பழகினேன். இரண்டு வாரத்தில் ஒரு சாண் அகலமும் இரண்டு சாண் நீளமும் பின்னினேன். அந்தத் துண்டு தட்டையாகக் கிடக்க மறுக்கிறது. இரண்டு ஓரங்களும் சுருட்டிய பாயைப் போலப் பின்பக்கமாகச் சுருண்டுகொள்கின்றன. கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரிகின்றன. வலது கட்டைவிரலின் அடியில் வலி வேறு. அதைக் காட்டியபோது அம்மையார் சிரித்துவிட்டு, "பருத்தி பிறகு" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு செய்தியும் உண்டு. என் அப்பாயி சேலம் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தகரப்பெட்டியில், கையால் சுழற்றி நூல் நூற்கும் பித்தளைத் தக்களி ஒன்று கிடைத்தது. அதில் பஞ்சு நூற்க வேண்டும் என்ற ஆசையால்தான் இந்த வகுப்பையே தேடிப் போனேன். ஆனால் இரண்டாம் மாதமும் ஆட்டு மயிரைத்தான் நூற்கச் சொல்வார்கள் போலிருக்கிறது. விலை கூடிய சரக்கை விற்பதற்காகத்தான் அவர் கம்பளி, கம்பளி என்கிறாரா? மூன்றையும் பருத்தியிலேயே கற்க வழி இல்லையா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மூங்கிலூசி (கோலாலம்பூர்) மறுமொழி:

சகோதரி, முதலில் சுருளும் ஓரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்; அது உங்கள் பிழையே இல்லை. நீங்கள் ஒரு வரி நிட் (நேர்க் கண்ணி), அடுத்த வரி பர்ல் (எதிர்க் கண்ணி) என்று மாறி மாறிப் பின்னியிருப்பீர்கள். அந்த ஸ்டாக்கினெட் பின்னலின் முன்பக்கம் முழுவதும் ஒரு வகைக் கண்ணியாகவும் பின்பக்கம் முழுவதும் வேறு வகையாகவும் அமைவதால், இரு பக்கத்து இழுப்பும் சமமாவதில்லை. எனவே இரண்டு பக்கவாட்டு ஓரங்களும் பின்னோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கியும் சுருளும். உலகத்தின் எந்தக் கைதேர்ந்தவர் பின்னினாலும் சுருளத்தான் செய்யும். எல்லா வரிகளையும் நிட் கண்ணியாகவே பின்னினால், அதாவது கார்ட்டர் பின்னலில், துண்டு தட்டையாகக் கிடக்கும். ஓரத்தில் நான்கைந்து கண்ணிகளை மட்டும் அப்படிப் பின்னினாலும் சுருட்டல் பெருமளவு அடங்கும்.

இனி நூலுக்கு வருவோம். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. கம்பளி இழையில் இயல்பாகவே நெளிவு இருப்பதால், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். புதிதாகக் கற்பவரின் கை ஒரு கண்ணியை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் போடும்போது அந்த நெளிவு பாதிக் குறையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. மீதியையும் ஒரு முறை அலசித் தட்டையாக விரித்து உலர்த்தினால் ஓரளவு சரிசெய்துவிடலாம். பருத்தியில் இந்த மீள்தன்மை இல்லை. கை செய்த ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அது அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். நூல் இடங்கொடுக்காதபோது அதற்கும் சேர்த்து விரல்தான் வளைந்து கொடுக்கிறது. உங்கள் கட்டைவிரல் வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே கற்பதற்கான நூல் வேறு, உடுத்துவதற்கான நூல் வேறு. உடுத்தப்போவதைப் பிறகு பருத்தியில் பின்னிக்கொள்ளலாம். அலுவலகக் குளிர்சாதனத்தின் அடியில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கும், கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கும் கம்பளிச் சால்வை தேவைப்படவே செய்கிறது என்பது வேறு செய்தி.

ஆனால் கற்பதற்கு 38 ரிங்கிட் கண்டு தேவையில்லை. கடைக்காரரோடு நான் உடன்படாத பாதி இதுதான். கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூலோ, நல்ல அக்ரிலிக்கோ போதும். இளநிறமாக இருக்கட்டும்; கருநிறத்தில் கண்ணியே தெரியாது. 5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி எடுத்துக்கொள்ளுங்கள், உலோக ஊசியைப் போல அதில் கண்ணி வழுக்கிக்கொண்டு போகாது.

ஒரு பழக்கத்தை மட்டும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எதைப் பின்னுவதானாலும் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அலசி, உலர்த்தி, அதன் பிறகு 10 செண்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். பின்னல் குறிப்பில் 22 கண்ணிகள் என்று இருந்து உங்கள் கையில் 20 வந்தால், மார்புச் சுற்றளவு 100 செண்டிமீட்டர் என்று போட்ட 220 கண்ணிகள் 110 செண்டிமீட்டராக விரிந்துவிடும். என் முதல் ஸ்வெட்டரை என் கணவரும் போட முடியவில்லை, அவருடைய அண்ணனும் போட முடியவில்லை.

வகுப்பில் சேர எண்ணும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். நாம் சடையையும் பின்னல் என்கிறோம், கூடையையும் பின்னல் என்கிறோம். மலாயில் 'மெங்காயிட்' என்றால் இரண்டு ஊசி வேலையாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொக்கியால் செய்யும் குரோஷேயாகவும் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் ஊசியா கொக்கியா என்று கேட்டுவிடுங்கள்.

கொட்டாங்கச்சி (பட்டர்வொர்த்) மறுமொழி:

அம்மா, தக்களி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே வருவதற்கு முன், 1950களின் இறுதியில், தமிழ்நாட்டில் ஆதாரக் கல்விப் பள்ளியொன்றில் படித்தவன். கைத்தொழில் வழியாகக் கல்வி என்று காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த திட்டத்தின் தொடர்ச்சி அது. எங்களுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை தக்களிதான். எனவே கம்பளியில்தான் கற்க வேண்டும் என்ற கருத்தை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். எட்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் பஞ்சில்தான் கற்றோம்.

ஆனால் எந்தக் கருவியில் எந்தப் பஞ்சு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பருத்தி இழையின் நீளம் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று செண்டிமீட்டர்தான். மெரினோ ஆட்டுக் கம்பளியின் இழை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இழை குட்டையாக இருந்தால், ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முறுக்கு மிகுதியாக ஏற வேண்டும். கடைகளில் விற்கும் மரக்கதிரை, அதாவது நூல் நூற்கும் மரத்தண்டை, அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுழற்றுவார்கள். கம்பளி அந்த எடையைத் தாங்கும்; முறுக்கு ஏறுவதற்கு முன்பே பஞ்சு அறுந்துவிடும். தக்களி அப்படித் தொங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் கீழ்நுனியைக் கொட்டாங்கச்சியிலோ சிறு கிண்ணத்திலோ ஊன்றிச் சுழற்றினால் எடை முழுவதையும் தரை தாங்கிக்கொள்ளும், நூலுக்குச் சுமை இராது. உங்கள் வகுப்பு அம்மையார் மரக்கதிரை வைத்துக் கற்பிப்பவரானால், பருத்தி வேண்டாம் என்று அவர் சொல்வது சரியே. தக்களிக்கு அந்த விதி பொருந்தாது.

வலக்கையால் தக்களியைத் திருகிவிடுங்கள். இடக்கையில் பஞ்சுப்பட்டையைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மென்மையாகப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். நசுக்கிப் பிடித்தால் பஞ்சு வராது. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் முதலில் ஓடும், தடித்த இடம் பஞ்சாகவே நிற்கும். அந்தத் தடிப்பைக் கண்டதும் தக்களியை நிறுத்தி, அதன் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்துவிட்டால், இருக்கிற முறுக்கு அங்கேயும் பரவிவிடும். இந்த ஒன்றைக் கற்க எனக்கு ஒரு பருவம் ஆயிற்று. நூற்றதைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் கட்டி, கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்து உலர்த்துங்கள். முறுக்கு நின்றுவிடும், பிறகு நூல் சுருண்டு தொல்லை தராது.

நூல் எவ்வளவு மெல்லியது என்பதை நம்பரால் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே அந்த நூலின் நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். எங்கள் வகுப்பில் யாருடைய நூலும் 10ஐத் தாண்டியதாக நினைவில்லை. வாத்தியார் அதையும் வாங்கி வைத்துக்கொள்வார். எங்கே போயிற்றோ தெரியாது.

உலர்பெட்டி (ஆயர் ஈத்தாம்) மறுமொழி:

எதை வாங்கினாலும் அலமாரியில் அப்படியே போட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பருத்தியில் பூஞ்சை பிடிக்கும், கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தின்னும். மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்து, மாதம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். எனக்கு இந்தப் பாடம் அரை கிலோ மெரினோ விலையில் கிடைத்தது.

பாவடி (பிரிக்பீல்ட்ஸ்) மறுமொழி:

மூன்றாம் மாதத்தைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். சகோதரி, உங்கள் பருத்தி நூல் வீணாகவில்லை. அதைத் தறிக்கு எடுத்து வையுங்கள். பின்னல் ஊசிக்கு எது குறையோ, தறியில் நீளவாக்கில் கட்டும் பாவுக்கு அதுவே நிறை. பாவிழைகள் நீளாமல், ஒரே இழுவிசையில் நிற்க வேண்டும். மீள்தன்மை மிகுந்த கம்பளியைப் பாவாகக் கட்டினால் தறியில் அகலமும் நீளமும் அழகாக இருக்கும். வெட்டி எடுத்த மறுகணம் துணி சுருங்கி, இது நாம் நெய்ததுதானா என்று கேட்க வைக்கும். ஆகவே கற்பவருக்குப் பின்னலில் கம்பளி, நெசவில் பருத்தி என்றே நான் சொல்வேன்.

மேசைத்தறி என்பது ரிஜிட் ஹெடில் வகையாகத்தான் இருக்கும். நம் ஊர்க் குழித்தறியில் இழைகளை ஏற்றி இறக்கும் விழுது தனி, குறுக்கிழையை அடித்து நெருக்கும் அச்சு தனி. இதில் ஒரே சட்டம் இரண்டு வேலையையும் செய்கிறது. சட்டத்தில் ஒரு துளை, ஒரு பிளவு என்று மாறி மாறி இருக்கும். சட்டத்தை உயர்த்தினால் துளையில் உள்ள இழைகள் மட்டும் மேலே போகும், தாழ்த்தினால் அவையே கீழே இறங்கும். பிளவில் உள்ளவை இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஊடை, அதாவது குறுக்கிழை, போகிறது.

தொடக்கத்தில் எல்லாரும் ஏமாறுவது பாவின் நீளத்தில். 180 செண்டிமீட்டர் துண்டு வேண்டுமானால் 180 செண்டிமீட்டர் பாவு போதாது. ஊடையின் மேலும் கீழும் வளைந்து போவதற்கு ஒரு 18, அலசியபின் சுருங்குவதற்கு ஒரு 18, தறியின் இரு முனையிலும் நெய்ய முடியாமல் நிற்பதற்கு ஒரு 50 என்று கூட்டினால் 266 செண்டிமீட்டர் ஆகிறது. 25 செண்டிமீட்டர் அகலத்துக்கு, 10 செண்டிமீட்டரில் 40 இழைகள் என்று கணக்கிட்டால் 100 இழைகள்; பாவுக்கு மட்டும் 266 மீட்டர் நூல். ஊடைக்கு ஏறத்தாழ 220 மீட்டர் வையுங்கள். கடைக்குப் போகும் முன் இதைத் தாளில் எழுதிக்கொண்டு போனால், யாரும் உங்களுக்குத் தேவைக்கு மேல் விற்க முடியாது.

இரண்டாவது தொல்லை ஓரம் உள்வாங்குவது. ஊடையை நேராக இழுத்து அடித்தால் ஒவ்வொரு வரிக்கும் துணி சிறிது குறுகிக்கொண்டே வரும். இடைவெளியில் ஊடையை மலைபோல வளைத்துவிட்டு, பிறகு சட்டத்தால் அடியுங்கள். தக்களியில் நூற்ற நூலை முதலில் பாவாகக் கட்ட வேண்டாம், சட்டத்தில் உராய்ந்து அறுந்துபோகும். ஊடையாக விடுங்கள். நம் ஊர் நெசவாளர்கள் பாவடி என்னும் திறந்தவெளியில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டது இந்த உராய்வுக்கு அஞ்சித்தான்.

கோலாலம்பூர் வரும்போது ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில், 2010இல் திறந்த தேசியத் துணி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சொங்கெட் என்னும் சரிகைத் துணியை விட, சரவாக்கின் ஈபான் பழங்குடிப் பெண்கள் நெய்யும் புவா கும்பு துணியின் முன் அதிக நேரம் நில்லுங்கள் என்பேன். அது இடுப்புத்தறியில் நெய்யும் பருத்தித் துணி. பாவின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை நெய்பவரின் இடுப்புப் பட்டையில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். பாவின் இழுவிசை என்றால் என்ன என்பது எனக்கு அதைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

தகரப்பெட்டி (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. கலப்பு நூல் இருக்கிறதா என்று கேட்டேன். அம்மையார் தயங்காமல் கீழ்த்தட்டிலிருந்து 12 ரிங்கிட் கண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் நாளே கேட்டிருக்கலாம். கட்டைவிரல் வலி குறைந்துவிட்டது. மாதிரித் துண்டை அலசி எண்ணினேன், 10 செண்டிமீட்டரில் 19 கண்ணிகள் வருகின்றன. பருத்திக் கண்டு தறிக்காகக் காத்திருக்கிறது.

தக்களியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அம்மையார் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்மிடம் இருக்கும் கதிர்களில் இவ்வளவு மெல்லியது ஒன்றும் இல்லை என்றார். கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றி, நேற்று ஒரு முழ நூல் அறுபடாமல் வந்தது. கொட்டாங்கச்சி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தக்களியின் மேல்நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. பெட்டியில் இத்தனை ஆண்டுகள் நசுங்கிக் கிடந்ததால் அப்படி ஆயிற்றோ என்று நினைக்கிறேன். குறடு கொண்டு நிமிர்த்தலாமா?

கொட்டாங்கச்சி (பட்டர்வொர்த்) மறுமொழி:

நிமிர்த்திவிடாதீர்கள் அம்மா! அதுதான் கொக்கி. நூல் அதில் மாட்டிக்கொண்டுதான் சுழலும். களிம்பு ஏறியிருந்தால் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து வையுங்கள், அது போதும்.