ஏத்தத்துல ஜீப் ஹீட் ஆகுது, ஃபேன் மாத்தியும் அடங்கல

வண்டி 98 மாடல் டீசல் ஜீப், 4 வீல் டிரைவ். ஹைவேல 70ல எவ்ளோ தூரம் போனாலும் ஹீட் மீட்டர் முள்ளு பாதிய தாண்டாது, ஆனா காரவள்ளில இருந்து கொல்லிமலை ஏறுனா 70 கொண்டை ஊசில பாதி வர்றதுக்குள்ள சிவப்புகிட்ட போயிடுது, மேல மண் ரோட்டுல லோ கியர்ல உருட்டுனா 10 நிமிஷம்தான். 2 மாசமா இதே ரோதனை.

ரேடியேட்டர் கழட்டி ராடு விட்டு க்ளீன் பண்ணியாச்சு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மூடி எல்லாம் புதுசு, கூலன்ட் பாதிக்கு பாதி. ஹெட் கேஸ்கெட்டும் பாத்தாச்சு, ஆயில்ல தண்ணி கலக்கல, ரேடியேட்டர்ல குமிழும் வரல. மெக்கானிக் அண்ணன் சொன்னாருன்னு போன மாசம் பெல்ட் ஃபேன தூக்கிட்டு 12 இஞ்ச் எலக்ட்ரிக் ஃபேன் ஒண்ணு போட்டேன், பழைய இரும்புக் கடைல எடுத்தது, இன்ஜின் பக்கம் இருந்து இழுக்குற மாதிரிதான் மாட்டிருக்கு, திசையும் சரிதான் (முன்னாடி பேப்பர் வச்சு பாத்தேன், ஒட்டுது). அதுக்கப்புறம் இன்னும் மோசம், போதாக்குறைக்கு ஃபேன் ஓடுறப்ப ஹெட்லைட் மங்குது. ஃபேன சுத்தி கவர் கிடையாது, ரேடியேட்டர்ல பாதியக்கூட அது மறைக்கல, எனக்கு அதுலதான் சந்தேகம்.

பழைய பெல்ட் ஃபேனையே கவரோட திருப்பி போடுறதா, இல்ல ஆல்டர்னேட்டர (வண்டிக்கு கரண்ட் குடுக்குறது) பெருசாக்கி ரெண்டு எலக்ட்ரிக் ஃபேன் போடுறதா, மலையேத்தத்துக்கு எது தாங்கும்?