பொருள்: இரண்டு டிரைவருக்கும் ஒரே ‘இயக்கி’யா?

அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கிடும் மென்பொருளான ஸ்பார்க்கைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைக்கும் பாடத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதிவருகிறேன். திங்கட்கிழமை காலை அது நகல் கடைக்குப் போக வேண்டும். இப்பாடத்தில் டிரைவர் என்னும் சொல் இரண்டு பொருளில் வருகிறது. வேலையைப் பிரித்து, அதைச் செய்துமுடிக்கும் நிரல்களான எக்சிக்யூட்டர்களிடம் ஒப்படைக்கும் ஸ்பார்க்கின் தலைமை நிரலும் டிரைவர். ஸ்பார்க் கேட்பதைத் தரவுத்தளத்துக்கு விளங்கும்படி சொல்லி விடை வாங்கித் தரும் ஜேடிபிசி (ஜாவா நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசும் முறை) ஜார் கோப்பும் (ஜாவா நிரல்களின் தொகுப்பு) டிரைவர். இரண்டையும் ‘இயக்கி’ என்றே எழுதிவிட்டேன். நேற்று ஆய்வகத்தில் ‘பொருத்தமான டிரைவர் இல்லை’ என்ற பிழை வந்ததும், ஒரு மாணவி என் குறிப்பைப் பார்த்து ஸ்பார்க் நிரலையே மூன்று முறை நிறுத்தித் தொடங்கினார். விடுபட்டிருந்தது ஜார் கோப்பு. இரண்டாவதற்கு வேறு சொல் தாருங்கள்.

— ஆசிரியை, திருநகர்

ஆசிரியைக்கு வணக்கம்.

‘இயக்கி’ இலக்கணப்படி குறையற்ற சொல். வள்ளுவர் சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்றாரே, அதே இகர விகுதிதான் இதிலும் வினைமுதலைக் குறிக்கிறது. ஆயினும் அந்த ஜார் கோப்பு எதையும் இயக்கவில்லை. ஒருவர் சொல்லை மற்றவரிடம் உரைத்து மறுமொழி கொணர்கிறது. அதற்குப் பெயர் தூது. மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதனுப்பிய இலக்கியம் நமக்கு இருக்கையில் ‘தரவுத்தூது’ என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்? ஸ்பார்க் தரவைப் பிரிக்கும் துண்டான பார்ட்டிஷனுக்கும் ‘பாத்தி’ என்றே எழுதுங்கள். பகுத்து என்பது பாத்து என்றாகும். குறளின் ‘பாத்தூண்’ பகுத்துண்ணும் உணவு. வயலைப் பகுத்தது பாத்தி.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

ஐயாவுக்கும் ஆசிரியைக்கும் வணக்கம்.

பாத்தியை மனமார ஏற்கிறேன். பிரிக்கச் சொல்லாவிட்டால் ஸ்பார்க் முழு அட்டவணையையும் ஒரே இணைப்பில், ஒரே பாத்தியாகவே வாசிக்கும். ஒரு எக்சிக்யூட்டர் மட்டும் திணற, மற்றவை சும்மா இருக்கும். ஆனால் பாத்தி என்றால் வரப்பும் உடன்வரும், அங்குதான் எனக்கு அச்சம். பிரிப்பதற்கு நாம் தரும் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும், ஆசிரியையே, உங்கள் குறிப்பில் ‘வரம்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். வரம்பு என்றதும் அதற்கு வெளியே இருப்பது உள்ளே வராது என்றே யாரும் கொள்வார்கள். ஸ்பார்க் அப்படி எதையும் தள்ளுவதில்லை. 0, 1000 என்று கொடுத்து நான்காகப் பிரித்தால் 250க்கு ஒரு வெட்டு விழும்; 5000 என்ற எண்ணுடைய வரிசையும் கடைசிப் பாத்தியில் வந்து சேரும். இந்த ஒரு சொல்லால் மாணவர்கள் கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். ‘தொடக்கக் குறி’, ‘முடிவுக் குறி’ என்று மாற்றிவிடுங்கள். தூது அழகுதான், வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ‘இணைப்பி’ எளிது.

— தரவுப் பொறியாளர், கே.கே. நகர்

இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய இருவரும் இணைப்பியையே கேட்டிருக்கிறார்கள். எனவே தலைமை நிரல் ‘இயக்கி’, ஜார் கோப்பு ‘ஜேடிபிசி இணைப்பி’ என்று இன்றிரவு திருத்திவிடுகிறேன். பாத்தியும் குறிகளும் அப்படியே சேர்கின்றன.

— ஆசிரியை, திருநகர்

அம்மா, நகல் கடைக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் உங்கள் குறிப்பின் இரண்டாம் பக்கத்திலேயே ‘இணைப்பு’ என்ற சொல் ஏழு இடங்களில் இருக்கிறது. திறக்கும் வழி இணைப்பு, திறப்பது இணைப்பி என்றால், ஓர் எழுத்து மாறுவதை அந்த மாணவி பிழை வந்த பதற்றத்தில் கவனிப்பாரா? அடுத்த அச்சுக்குள் தூதை மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

— மேலூரிலிருந்து